செருப்பு வரிசைக்கு அந்தப் பக்கம்

கடன் வாங்கியவன் மோகனசுந்தரம். கைரேகை வைத்தவள் அவன் பெண்டாட்டி அம்சவேணி. தப்பு அங்கேதான் நடந்தது. மற்றதெல்லாம் பின்னால் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பனியன் கம்பெனி வேன் வருவதற்குள் முடிய வேண்டிய கடன் சங்கக் கூட்டம். புஷ்பலதா வீட்டு வாசலில் அம்சவேணி செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டாள். இந்த சென்டரில் செருப்பு கண்ட இடத்தில் கிடக்காது. உள்ளே யார் எந்த இடத்தில் உட்காருகிறாளோ வெளியே அவள் செருப்பும் அதே இடத்தில் கிடக்கும். ஆரம்பத்தில் கடன் கொடுக்க வந்த ஏதோ ஒரு சார் பழக்கிவிட்டுப் போனது. ஆள் வரவில்லையென்றால் உள்ளே தலையைத் தேட வேண்டாம், வெளியே செருப்பைப் பார்த்தால் போதும். பழக்கம் என்றால் ஒன்றோடு நிற்குமா. வரிசைக்கு இந்தப் பக்கம் சங்கம், அந்தப் பக்கம் குடும்பம் என்று அதுவும் வந்து சேர்ந்தது. கடன் கொடுக்கிற நாளில் புருசன்மார் வரிசைக்கு அந்தப் பக்கம் பீடியும் கையுமாக நிற்பார்கள். செருப்பைத் தாண்டி உள்ளே வர மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. பணம் செருப்பைத் தாண்டிவிட்டால் என்ன ஆனது, யார் கைக்குப் போனது என்று உள்ளே இருப்பவள் கேட்க மாட்டாள், அதுவும் மரியாதை. தையல் மெஷினுக்கென்று வாங்கிய பணத்தை ஒருத்தியின் புருசன் இதே வாசலில் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்ததை அம்சவேணியும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். எல்லோரும் மின்விசிறியைத்தான் பார்த்தார்கள். புஷ்பலதா வீட்டு மின்விசிறியை இத்தனை பேர் பார்த்த அளவுக்கு அது சுற்றியதே இல்லை. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். யாராவது ஒருத்தி. மோகனசுந்தரம் பணத்தைப் பிடுங்கியதைப் பார்த்தேன் என்று வியாழக்கிழமை கோர்ட்டில் வந்து சொல்ல ஒருத்தி. ஒருத்தியும் வரவில்லையென்றாலும் வியாழக்கிழமை போகத்தான் போகிறாள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கேட்காமல் போகக் கூடாது.

மூன்றாவது வரிசையில் கடைசி இடம். தரை துடைத்த ஈரம் காயவில்லை, சேலை வழியாகச் சில்லென்று ஏறியது. பக்கத்தில் மில்லுக்காரக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவள். இள வயதில் நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லை மூடி, இடித்து, அங்கே கல்யாண மண்டபமே வந்துவிட்டது, பேர் மட்டும் போகவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து விரல் கோணிவிட்டது, நாக்கு மட்டும் நேராக இருக்கிறது. போன வாரம் தவணை கட்டாத அம்சவேணியின் லைன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த பெண்களில் முதலில் உட்கார்ந்தவள் இவள்தான். கடைசியில் எழுந்தவளும் இவள்தான். எழுந்து போகும்போது சும்மா போகவில்லை, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒருத்தி கட்டவில்லையென்றால் அதே வரிசைக்காரிகள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது கடன் கம்பெனி விதி. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சம் போட்டார்கள். பெரும்பங்கு இவள் போட்டாள். "சட்டினி நல்லா அரையுதுடி உன் மிக்ஸில" என்றாள் இப்போது, முகத்தைத் திருப்பாமல். "அரைக்கட்டுங்க்கா." "நீ என்ன பண்றே?" "ஊறுகாய்தானுங்க." "நல்லது. அதுல தின்னா அதிகம் தின்ன முடியாது." அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரும் இடத்தில் சிரிப்பு வருவது இந்த ஒரு மாதமாகப் பழகிவிட்டது. இவளிடம் கேட்க முடியாது. கேட்டால் பணத்தை வை என்பாள். முன் வரிசையில் யாரையாவது கேட்க வேண்டும். யாரை? அதுதான் சிக்கல். அங்கேதான் புத்தி போய்ப் போய் முட்டுகிறது. அன்றைக்கு வாசலில் யார் யார் நின்றார்கள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. நீலம் ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. மோகனசுந்தரத்தின் காலுக்குக் கீழே ஏதோ நீலம்.

சார் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர், தாடி, தோளில் பை, கையில் சிலேட்டு மாதிரி டேப். எல்லோரும் எழுந்து கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். பெற்ற கடனை என் குடும்ப முன்னேற்றத்துக்கே செலவிடுவேன். குறித்த நாளில் திருப்பிச் செலுத்துவேன். சக உறுப்பினருக்குத் துணை நிற்பேன். ஸ்கூலில் சொன்ன மாதிரி இழுத்து இழுத்து. அம்சவேணியும் கையை நீட்டினாள், இடது கை. வலது கை நீட்ட வேண்டும். நீட்டியது இடதுகை என்று தெரிந்து மாற்றினாள். இடது பெருவிரல் இன்னும் முழுசாக மடங்காது. ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளும்போது மட்டும் தெரியும், மற்ற நேரம் மறந்துவிடலாம். அன்றைக்கு மோகனசுந்தரம் கத்தவில்லை, அதுதான். கத்தியிருந்தால் பக்கத்து வீட்டில் யாராவது வந்திருப்பார்கள். சாயங்காலம், டீவி ஓடிக்கொண்டிருந்தது, மகள் ஹன்சிகா தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய கடனாக எடு, குட்டியானை வண்டி வாங்கணும், லோடு அடிச்சா மாசாமாசம் வாடகை வரும் என்றான். என் பேரில் வேண்டாம் என்றாள். நகையை வைத்தாச்சு, சம்பளக் கார்டு உன்னிடம்தான் இருக்கிறது, இது ஒன்றாவது வேண்டாம் என்றாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முள் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெருவிரலைப் பிடித்தான். திருகினான். டீவியைப் பார்த்துக்கொண்டே திருகினான். "நாளைக்கு வெக்கிறயா?" அவ்வளவுதான் கேட்டான். சத்தம் போடாமல் தலையாட்டினாள், பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எழுந்து போய் எண்ணெய் கொண்டுவந்தான். எண்ணெயும் அவனே தேய்த்துவிட்டான். அடித்தவனை மறந்துவிடலாம். எண்ணெய் தேய்த்தவனை எப்படி மறப்பது.

சார் பெயர்ப்பட்டியலைத் தட்டிக்கொண்டு முதல் வரிசையில் ஆரம்பித்தார். காசு கை மாறும் சத்தம், டேப்பில் ஒரு டிக் சத்தம், அடுத்து. விரலைத் திருகிய மறுநாள் இதே ஹாலில்தான். இதே டிக் சத்தம். இந்தக் கம்பெனி அப்போது பணத்தைக் கையில்தான் கொடுத்தது, பாங்கில் போடுவது பின்னால் வந்தது. ரேகை எடுக்கிற மெஷினில் இடது பெருவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. துடைத்து வைத்தாள், எடுக்கவில்லை. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி மினுமினுத்தது, ரேகை எங்கே தெரியும். அப்போதிருந்த சார் பார்த்தார். பார்த்துவிட்டு, "வலது கை வைங்கக்கா" என்றார். வலதை வைத்தாள். மெஷின் சந்தோசமாகக் கூவியது. ஹால் முழுக்கப் பெண்கள். இடது விரலைப் பார்க்காதவள் இருந்திருக்க முடியாது. மின்விசிறி இருக்கிறதே. அப்புறம் புருசன் பெண்டாட்டி சேர்ந்து நிற்கிற போட்டோ, கம்பெனிக்கு அது வேண்டும். அவன் செருப்பு வரிசைக்கு வெளியே நின்றபடி தோளில் கை போட்டான், இவள் உள்ளே நின்று பணக் கட்டைப் பிடித்துக்கொண்டாள், சிரிங்கக்கா என்றார் சார், சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவன் வக்கீல் கோர்ட்டில் காட்டினான். சந்தோசமாகக் கடன் வாங்கியிருக்கிறார், சேலை வியாபாரம் செய்கிறேன் என்று வாங்கித் தொலைத்துவிட்டார், என் கட்சிக்காரருக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை, வண்டி அவர் நண்பரிடம் கைமாற்று வாங்கி எடுத்தது. சேலை வியாபாரம். அவள் வாழ்க்கையில் விற்ற ஒரே சேலை அவளுடைய கூரைச்சேலை, அதையும் அவன்தான் விற்றான்.

"போட்டோ எடுத்ததும் என்ன நடந்துச்சும்மா?" என்று மாஜிஸ்திரேட்டம்மா கேட்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். கையை நீட்டிப் பிடுங்கிட்டாருங்க. எண்ணிப் பாத்தாருங்க. "யார் பார்த்தாங்க?" எல்லாரும் இருந்தாங்க. "எல்லாரும்னா?" என்று அவன் வக்கீல் எழுந்தான். "பேர் சொல்லுங்க. ஒரு பேர்." அங்கே நின்றுகொண்டு வாயைத் திறந்தால் நீலம் வருகிறது. அவன் காலை இப்படி வைத்து, எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினான், வலது கால் எதன் மேலோ ஏறி நின்றது, அது நீலம். அவள் பார்த்தது அது ஒன்றைத்தான். தலையை நிமிர்த்தினால் முகங்கள் இருக்கும், முகங்களில் கண்கள் இருக்கும், அதனால் நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் பார்த்தார்கள் என்று எப்படித் தெரியும். பார்க்கிறவர்களைப் பார்க்காமல் இருக்கத்தானே குனிந்தாள். நீலம் என்றால் தண்ணிக் குழாயா. புஷ்பலதா வீட்டுக் குழாய் பச்சை. பக்கெட்டா. பக்கெட்டின் மேல் யாராவது ஏறி நிற்பார்களா. பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன ஏதாவதா. ஒரு மாதமாக ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் நீலம், சோறு பொங்கினால் நீலம். எதற்கு இந்த நீலம். நீலமா வந்து சாட்சி சொல்லப் போகிறது. விடு என்றாலும் விடவில்லை.

முதல் வரிசை முடிந்தது. சார் தும்மினார். "ஏனுங் சார், மாத்திரை போட்டீங்களா?" என்றாள் புஷ்பலதா. சென்டர் தலைவி, சார் தும்மினால் அவளுக்கு மூக்கு அரிக்கும். இரண்டாவது வரிசை. டிக். அடுத்து. அவள் முறை நெருங்கியது. பயம்தான், வேறென்ன. பேர் வைத்துக் கூப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். கலெக்டர் ஆபீசில் அப்படித்தான் நடந்தது. பாதுகாப்பு அலுவலர் என்று போர்டு போட்ட அறை, உள்ளே ஒரு அம்மா, சளி பிடித்து மூக்கு சிவந்து, ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் பேனா. அடிச்சாரா? அடிச்சாருங்க. எங்கே? சொன்னாள். பணம் ஏதாவது? அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று அம்சவேணிக்குப் புரியவில்லை. கடனுங்க, என் பேர்ல வாங்க வெச்சாருங்க, ஆனா அது எங்க குடும்ப விசயமுங்க, நான் அடிச்சதுக்குத்தான் வந்தேன். அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் வன்முறைதாம்மா. சட்டத்துல தனியாவே சொல்லியிருக்கு. பொருளாதார வன்முறை." அம்சவேணி அந்த வார்த்தையை பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெரிய வார்த்தை. வாய்க்குள் அடங்காத வார்த்தை. ஆனால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது. பேர் இருக்கிறதென்றால் தனக்கு முன்னால் யாருக்கோ நடந்திருக்கிறது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் எவன் பேர் வைப்பான். மெட்டி வாங்கித் தரவில்லை என்று ஓடிவந்தவள் மாதிரி இனிமேல் நிற்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கியது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் சபூரா சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க அம்சவேணி. கடன் உங்க பேர்லதான் இருக்கும். அதை அழிச்சுத் தர இந்தச் சட்டத்துல வழியில்ல. பொய்யா நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆனா கட்ட வேண்டியவன் அவன்னு கோர்ட்டைச் சொல்ல வைக்கலாம். அவன் கட்டலைன்னா, அவனுக்குப் பணம் தர வேண்டியவங்க யாரோ அவங்ககிட்டயே பிடிச்சு கோர்ட்டுல கட்டச் சொல்லலாம். அவனுக்கு யார் பணம் தராங்க?" சாயப்பட்டறைக்காரர். துணி மூட்டை ஏற்றுகிற குட்டியானைக்கு மாத வாடகை. வண்டிக்குப் பின்னால் ஹன்சிகா என்று பெரிதாக எழுதியிருக்கிறான், பக்கத்தில் ரோஜாப்பூ. பிள்ளை பேரை எழுதின வண்டி ஊரெல்லாம் ஓடுகிறது. பிள்ளை ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிறது. அந்த வாடகையைப் பிடித்தால் போதும். தவணையும் போய்விடும், மிக்ஸியும் வந்துவிடும். அதற்குப் பணம் அவன் கைக்குப் போனது என்று கோர்ட்டில் நிற்க வேண்டும். "உங்க வாக்குமூலமே சாட்சிதான். ஆனா அவங்க போட்டோவை வெச்சு ஆடறாங்க. பார்த்த ஒருத்தி வந்து பார்த்தேன்னு சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சுது." பார்த்த ஒருத்தி. இதோ மூன்று வரிசை நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு முதுகாக. ஜடை ஜடையாக. யார் அந்த ஒருத்தி.

கிட்டே வரக் கூடாது என்று கோர்ட்டு அவனுக்கு ஏற்கெனவே உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டுக்கும் கூடாது, வேலை செய்கிற இடத்துக்கும் கூடாது. அவன் வருவதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கம் பார்க்கிறான். அவ்வளவுதான், பார்ப்பதற்குத் தடை வாங்க முடியுமா என்று சபூராவிடம் கேட்க வேண்டும். அவனுக்கும் ஒரு கோடு தெரிந்துவிட்டது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒன்றும் ஆகாது என்று. எல்லோருக்கும் ஒரு கோடு. இத்தனை நாளும் அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்று கைரேகை வைத்ததுதான் மிச்சம். போன வாரம் இவர்கள் வாசலில் உட்கார்ந்தபோது ஹன்சிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்க எப்பப் போவாங்க" என்று கேட்டது. வீட்டு ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை உட்கார்ந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார். சொன்னால் வேறு வீடு. வேறு வீடு கிடைக்காவிட்டால் பனியன் கம்பெனி ஹாஸ்டல். அங்கே பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்காவிட்டால். அதற்கு மேல் யோசிக்காதே. வியாழக்கிழமை வரைக்கும் யோசித்தால் போதும்.

"அடுத்து." மூன்றாவது வரிசை. டிக். டிக். கை கைகளாக முன்னால் நீண்டன. மில்லுக்காரக்கா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்துக் கசங்கிய நோட்டுகளை எண்ணாமல் கொடுத்தாள். எண்ணித்தான் கட்டியிருப்பாள். "அம்சவேணிக்கா." அவள் பேர் வந்துவிட்டது.

எழுந்தாள். உட்கார்ந்தே கொடுப்பார்கள், யாரும் எழுவதில்லை. எழுந்ததும் முன் வரிசைத் தலைகள் திரும்பின. "சார், இன்னைக்கு என்கிட்ட இல்லீங்க. கடன் இல்லீன்னு சொல்லல. கைரேகை என்னோடதுதான். அந்தப் பணம் என் கையில போட்டோ எடுக்கற நேரம்தான் இருந்துச்சு. கேஸ் நடக்குது. அதுக்குள்ள என் வாசல்ல ஆளுகள உக்கார வெக்கறது விதிப்படி தப்புன்னு வக்கீல் உங்க மேனேஜருக்கு எழுதியிருக்காங்க. உங்களுக்கும் சொல்லீட்டேன்." சார் டேப்பைப் பார்த்தார். "கோர்ட்டுப் பேச்செல்லாம் சென்டர்ல வேண்டாங்க்கா." "சாருகிட்டப் பேசல சார். இவங்ககிட்டப் பேசறேன்." திரும்பினாள். இப்போது எல்லா முகமும் தெரிந்தது. அன்றைக்குப் பார்க்காத முகங்கள். "நீங்க எல்லாரும் இங்கதான் இருந்தீங்க. என் விரல் வீங்கியிருந்ததப் பாத்தீங்க. அவர் பிடுங்கினதப் பாத்தீங்க. யாரு பக்கத்துல நின்னீங்கன்னு எனக்கு ஞாபகமில்ல, நான் குனிஞ்சிருந்தேன். பாத்தவங்க ஒருத்தர் வியாழக்கிழமை வந்து சொல்லணும். பொய் வேண்டாம். பாத்தது போதும்."

மின்விசிறி கிர்ரென்றது. ஒவ்வொருத்தியாக மேலே பார்த்தார்கள். "அதில்ல அம்சா" என்றாள் புஷ்பலதா. குரலில் தேன் தடவியிருந்தாள். "செருப்பத் தாண்டின காசுக்கு நாம பொறுப்பில்லீல்ல. நாளைக்கு எங்க வீட்டுக்காரர் எடுத்ததையும் கோர்ட்டுல சொல்லுன்னு ஒருத்தி வருவா. அப்பறம் சங்கம் எப்பிடி நடக்கும்? சாருக்கும் கெட்ட பேரு." "எனக்கு அன்னைக்கு ஜொரம்" என்றாள் ஒருத்தி. "நான் முன்னாலயே போயிட்டேன், வேன் வந்துருச்சு" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி குனிந்து கால் விரலைப் பார்த்தாள். அம்சவேணிக்கு அவள் மேல்கூடக் கோபம் வரவில்லை. குனிவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா. கேட்டாகிவிட்டது. கேட்காமல் போகவில்லை. இனி வியாழக்கிழமை தனியாக நின்று, பார்த்தவர்கள் உண்டு, சொல்லத்தான் மாட்டார்கள் என்று அதையே சொல்வாள். அதுவும் ஒரு சாட்சிதான். செருப்பைப் போட்டுக்கொண்டு வேனுக்குப் போக வேண்டும்.

"அவன் என் செருப்ப மிதிச்சான்."

மில்லுக்காரக்கா. காலை மடக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள். "என்னக்கா?" என்றாள் புஷ்பலதா. "உம் புருசன் இல்ல, இவ புருசன். அன்னைக்கு. புதுச் செருப்பு. ஞாயித்துக்கெழமைச் சந்தையில எடுத்து மூணு நாள் ஆகல, நீல வாரு. இவ செருப்புக்குப் பக்கத்துலதான் என்னுது கெடக்கும். மொரட்டு மாடு மாதிரி மேல ஏறி நின்னுட்டு, எச்சி தொட்டு எச்சி தொட்டு எண்ணறான். ஏப்பா, காலை எடுங்கறேன். காதுலயே விழுகல. எண்ணி முடிச்சுப் பையில வெச்சுட்டு ஒரு திருப்புத் திருப்பினான் பாரு, வாரு பட்டுனு அறுந்துது. மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்தை? போயிட்டான். நான் ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போனேன். தெச்சேன், அறுந்துது. மறுபடி தெச்சேன். இன்னைக்கும் அதத்தான் போட்டுட்டு வந்தேன், போய்ப் பாரு."

நீல வார். அம்சவேணி வாசலைப் பார்த்தாள். சற்று முன் தன் செருப்பை அதற்குப் பக்கத்தில்தான் விட்டுவிட்டு வந்தாள். வெளுத்து, தைத்த நூல் தெரிந்து, அதில் எங்கே நீலம் இருக்கிறது. ஒரு மாதமாகக் குழாயைத் தேடினாள், பக்கெட்டைத் தேடினாள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. அப்போது அவன் கால் தெரிந்தது, காலுக்குக் கீழே வார், வாருக்கு மேலே கெண்டைக்கால், அதற்கும் மேலே, அன்றைக்கு நிமிர்த்தாத தலையை இப்போது நிமிர்த்திப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை முறைத்துக்கொண்டு நிற்கிற மில்லுக்காரக்கா. மின்விசிறியைப் பார்க்காத ஒரே ஆள். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால்.

"அதப் போயி கோர்ட்டுல சொல்வீங்களாக்கா?" என்று புஷ்பலதா சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. "ஏஞ் சொல்லக் கூடாது? என் பணமும் அதுலதானே போகுது. இவளுக்கு நானல்ல கட்டீட்டு இருக்கேன். அவன் கட்டணும்னா அவன் எடுத்தான்னு சொல்லணும். எடுத்தான். பாத்தேன். அப்பறம் உம் பேச்சுக்கு வாரேன் புஷ்பா. செருப்பத் தாண்டினா சங்கத்துக்குப் பொறுப்பில்லீங்கறே. அவன் தாண்டல. மேலதான் நின்னான். என் செருப்பு மேல. அது எந்தப் பக்கம்னு நீயே சொல்லு." சார் தும்மினார். இந்தத் தடவை மாத்திரை போட்டீங்களா என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தார்கள். அம்சவேணி அந்தச் செருப்பை எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். "தொடாத. எனக்குக் காலிருக்கு" என்றாள் மில்லுக்காரக்கா. போட்டுக்கொண்டாள். "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு? சும்மா உக்காத்தி வெப்பாங்களா? நான் பிசிறு வேலைய விட்டுட்டு வரோணும்." "பத்து மணிக்குங்க்கா. பஸ் காசு நான்..." "நீ என்ன குடுப்பே, ஊறுகாயா? மிக்ஸிய சாய்ந்தரம் வந்து எடுத்துக்க. கேசு ஜெயிச்சா என் பணத்தக் குடு. ஜார்ல ரப்பர் போயிருச்சு, நான் ஒடைக்கல, முன்னாடியே போயிருந்துது, மாத்திக்கோ." ரோட்டுக்கு அந்தப் பக்கம் குட்டியானை நின்றது, பின்பக்கம் தெரிந்தது, ஹன்சிகா, ரோஜாப்பூ. அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். அம்சவேணியும் பார்த்தாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அவனாகத்தான் கண்ணை எடுத்தான். வேன் ஹாரன் அடித்தது. போனை எடுத்து சபூராவைக் கூப்பிட்டாள். இடது பெருவிரலால்தான் அழுத்தினாள், மடங்கின மட்டும் மடங்கியது.

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. தவணையை மோகனசுந்தரம் கட்ட வேண்டும், கட்டும்வரை சாயப்பட்டறைக்காரர் வண்டி வாடகையைக் கோர்ட்டில் செலுத்த வேண்டும் என்று. சட்டம் செய்தது என்றார்கள், சபூரா செய்தாள் என்றார்கள், கலெக்டர் ஆபீசு அம்மா எழுதின அறிக்கை செய்தது என்றார்கள். எல்லாம் உண்மைதான், யார் இல்லை என்றது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை போனில் சபூரா, "சாட்சி கிடைச்சாச்சா? மில்லுக்காரக்கான்னு மனுவில எழுத முடியாது, முழுப்பேர் சொல்லுங்க" என்றதும் அம்சவேணி வேன் படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்று திரும்பிப் பார்த்தாள். அறுந்த வாரை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்கிற மாதிரி, தன் பேரைச் சொன்னாள். மயிலாத்தாள்.